திவால் மனு: எந்த மாநிலத்துச் சட்டம் உங்கள் உடைமையைக் காக்கும்?

ஊரில் மஞ்சள் கடிதாசி கொடுத்தவரை ஏளனமாகப் பேசுவார்கள். அமெரிக்காவில் அது கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கமான சட்ட நடவடிக்கை. அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவையில்லை. நீதிமன்றக் கட்டணமும் எல்லா மாநிலங்களிலும் ஒன்றே: விலக்கு இல்லாத சொத்தை விற்றுக் கடனை நீக்கும் சாப்டர் 7-க்கு 338 டாலர், வருமானத்திலிருந்து தவணையில் கடனை அடைக்கும் சாப்டர் 13-க்கு 313 டாலர். இந்தக் கட்டணத்தைத் தவணையில் செலுத்த அனுமதி கேட்கலாம். வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 150 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், சாப்டர் 7-இல் தள்ளுபடியே கோரலாம். வழக்கறிஞர் கட்டணம் தனி. கையைக் கடிப்பது பெரும்பாலும் அதுதான். மனுவுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற நிறுவனமொன்றில் கடன் ஆலோசனையும் பெற்றிருக்க வேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது, கடன் கொடுத்தவர்கள் தொட முடியாத சொத்துகளின் விலக்குப் பட்டியல். டெக்சஸில் குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பு வரம்பு இல்லை, நகரத்தில் 10 ஏக்கர் என்ற பரப்பு வரம்பு மட்டுமே உண்டு. நியூ ஜெர்சியில் மாநிலப் பட்டியலுக்குப் பதிலாகக் கூட்டாட்சிப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். கலிஃபோர்னியாவில் அந்தத் தேர்வு கிடையாது. ஆனால் நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து சென்ற ஆண்டு டல்லாஸுக்குக் குடிபெயர்ந்தவர் டெக்சஸ் சலுகையை உடனே கோர முடியாது. மனுவுக்கு முன் 730 நாட்கள் ஒரே மாநிலத்தில் நிலையாக வசித்திராதவருக்கு, அந்த 730 நாட்களுக்கு முந்தைய 180 நாட்களில் பெரும்பகுதியை எங்கே கழித்தார் என்பதே கணக்கு. அப்போது இந்தியாவில் இருந்தவருக்குப் பொதுவாகக் கூட்டாட்சிப் பட்டியல் பொருந்தும்.

நம்மவர்கள் தடுமாறுவது நகையில். 2025 ஏப்ரல் முதல் கூட்டாட்சிப் பட்டியலில் நகைக்கு 2,125 டாலர்தான். இன்றைய தங்க விலையில் மூன்று பவுன்கூடத் தேறாது. எனினும் எப்பொருளுக்கும் பயன்படுத்தத்தக்க பொது விலக்காக 1,675 டாலரும், வீட்டு விலக்கில் பயன்படுத்தாத தொகையில் 15,800 டாலர் வரையும் உள்ளதால், சொந்த வீடில்லாதவர் தாலிக்கொடியையும் வளையல்களையும் அதில் சேர்த்துக் காட்டலாம். தம்பதியர் கூட்டாக மனு செய்தால் வரம்பு இருவருக்கும் தனித்தனியே உண்டு.

மதுரையில் உங்கள் பெயரிலுள்ள மனையும், பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கும் மனுவில் இடம்பெற்றே ஆக வேண்டும், ஏனெனில் சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் சட்டம் அதைக் கணக்கில் கொள்கிறது. மறைத்தால் கடன் நீக்கம் மறுக்கப்படுவதோடு குற்ற வழக்கும் வரலாம். அதேபோல, மனுவுக்கு முந்தைய ஓராண்டுக்குள் அண்ணனுக்கோ மாமனாருக்கோ திருப்பிக் கொடுத்த கைமாற்றை, திவால் வழக்கில் சொத்தை நிர்வகிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி அவர்களிடமிருந்தே திரும்பக் கேட்கக்கூடும் என்பதால், உறவினர் கடனை முதலில் அடைத்துவிட்டு மனு செய்யலாம் என்று எண்ணுவோர், பணம் அனுப்புமுன் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.