நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்: வீக்கம் வடிந்தால் நோய் தீர்ந்ததாகாது

பினாங்கில் மகனின் சிறுநீரகப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் வேளைகளில், அவனுடைய மூன்றாம் வயதில் நான் செய்த தவறுகளையே புதிய தாய்மார்கள் செய்வதைக் கேட்டு மனம் பதைக்கிறேன். உப்பைக் குறைக்கும்படி எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஆகவே அதை விட்டுவிட்டு, மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

வீக்கத்தை வைத்து நோயை அளப்பது

சிறுநீரகத்தின் நுண்வடிப்பான்கள் பழுதுபட்டு, இரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிவதே இந்நோய். அல்புமின் குறைவதாலும் உடலில் உப்பு தங்குவதாலும் நீர் திசுக்களில் தேங்கி முகமும் காலும் வீங்குகின்றன. சிறு பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ப்ரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையால் இது கட்டுப்படும். முதல் முறை பொதுவாக 4 முதல் 6 வாரம் நாள்தோறும் கொடுத்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைப்பார்கள்.

என் மகனுக்கு மூன்றாம் வாரத்திலேயே இமை வீக்கம் வடிந்து, பழைய செருப்பு காலில் நுழைந்தது. "வீக்கம்தான் வத்திடுச்சே, பிள்ளைக்கு எதுக்கும்மா இன்னும் ஸ்டீராய்டு?" என்றார் மாமியார். எனக்கும் அந்த மருந்தின்மீது பயம் இருந்ததால் நிறுத்திவிட்டேன். பத்தே நாளில் சிறுநீர் நுரைத்தது. வயிறு மத்தளம்போல் உப்பி, காய்ச்சலும் வந்து, வயிற்றுச் சவ்வில் கிருமித்தொற்று என்று வார்டில் சேர்த்தார்கள். கிருமிகளை எதிர்க்கும் புரதங்களும் சிறுநீரோடு போய்விடுகின்றன என்பதை அன்றுதான் அறிந்தேன். சில வாரம் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டிய கார்டிசோல் என்னும் ஹார்மோனும் போதாமற்போகலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், "வடிந்துவிட்டது, நிறுத்திவிட்டோம்" என்று யாரேனும் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சிறுநீரைச் சோதிக்காமல் விடுவது

காலையில் முதல் சிறுநீரில், புரதத்தைக் காட்டும் சோதனைப் பட்டையை நனையுங்கள். மஞ்சள் கட்டம் எவ்வளவு பச்சையாகிறது என்று நோட்டில் குறியுங்கள். பட்டையோடு வரும் நிற அளவுகோலில் தொடர்ந்து 3 நாள் 2+ அல்லது அதற்கு மேல் காட்டினால், வீக்கம் வரும்வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். சளி பிடித்த நாள்களில் கூடுதலாகக் கவனியுங்கள்.

முட்டையை அடுக்கிக் கொடுப்பது

சிறுநீரில் புரதக் கசிவு நிற்காமல், முட்டையால் அந்த இழப்பு ஈடாகாது.

அம்மைத் தொடர்பைச் சொல்லாமலிருப்பது

ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை சின்னம்மை கண்டவரோடு பழகியிருந்தால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குழந்தைகள் நோய் என்று நினைப்பது

நீரிழிவு, உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி ஆகியவற்றாலும், பாதரசம் கலந்த முக வெண்மைக் கிரீமாலும் பெரியவர்களுக்கும் இது வருகிறது. அவர்களுக்கு ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் கண்டால், அது நாளத்தில் உறைந்த இரத்தக் கட்டியாக இருக்கலாம். தைலம் தேய்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.