மீட்டரைப் பார்க்காமல் வாடகை வீடு எடுக்காதீர்கள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் வாடகையை விசாரிப்பார்கள், முற்பணம் எத்தனை மாதத்துக்கு என்று கேட்பார்கள், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் பார்ப்பார்கள். மின்சார மீட்டர் தனியா, பொதுவா என்று கேட்பவர்கள் குறைவு. மாதச் செலவைக் கட்டுப்படுத்த நினைக்கும் குடும்பம் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். முற்பணம் கொடுத்துக் குடியேறிய பிறகு இதைத் திருத்துவது மிகவும் கடினம்.

இலங்கையில் வீட்டு மின்கட்டணம், பாவிக்கும் அலகுகளைப் (யூனிட்) பொறுத்துப் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல், தாண்டினால் வேறொன்று. தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 அலகுகளும் கூடிய விலைக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் உயரும். இப்போது மேல்மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், இருவரும் ஆளுக்கு 55 அலகு பாவிக்கிறார்கள் என்று வையுங்கள். தனித்தனி மீட்டர் என்றால் இருவருக்கும் குறைந்த விலை. ஒரே மீட்டர் என்றால் பில் 110 அலகுக்கு வரும். இரு வீட்டிலும் சிக்கனமாக இருந்தும் பலன் கிடைக்காது.

“உப மீட்டர் இருக்கிறது” என்று வீட்டுக்காரர் சொன்னால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். பொது மீட்டருக்குப் பின்னால் உங்கள் பகுதிக்கென்று பூட்டும் உப மீட்டர் உங்கள் பங்கைக் காட்டுமே தவிர, விலைப் படியை இறக்காது. அலகுக்கு எவ்வளவு அறவிடுவார், மூல பில்லை மாதாமாதம் காட்டுவாரா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். குடியேறும் நாளில் மீட்டர் வாசிப்பைப் படமெடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். கேட்டால் முகம் சுளிப்பாரோ என்று தயங்குவதால்தான் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் கூடுதலாகக் கட்டுகின்றன.

அடுத்த தவறு, விளக்குகளோடு மட்டும் மல்லுக்கட்டுவது. 9 வாட் எல்.ஈ.டி. விளக்கு தினமும் ஐந்து மணிநேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்றரை அலகு ஆகாது. கொழும்பின் புழுக்கத்தில் இரவெல்லாம் சுழலும் மின்விசிறிதான் கணக்கை ஏற்றுகிறது. 75 வாட் பழைய விசிறி தினம் பத்து மணிநேரம் ஓடினால் மாதம் 22.5 அலகு. குறைந்த மின்சாரத்தில், 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (BLDC) மோட்டார் விசிறி என்றால் 9 அலகுதான். விலை கூடியதுதான், ஆனால் 60ஐ ஒட்டி நிற்கும் வீட்டில் அந்த வித்தியாசம் படியையே மாற்றிவிடும். வெந்நீர் ஷவரையும் கவனியுங்கள்: 3,500 வாட் ஷவர் இருபது நிமிடத்தில் ஓர் அலகைத் தாண்டிவிடும்.

எரிவாயுவை மிச்சம் பிடிக்கிறோம் என்று சமையல் முழுவதையும் மின் அடுப்புக்கு மாற்றுமுன், உங்கள் பில் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். நாளின் நேரத்துக்கேற்ப அலகு விலை மாறும் நேர அடிப்படையிலான கட்டணத்துக்கு மாறுமுன், எந்த நேரத்தில் அதிகம் பாவிக்கிறீர்கள் என்று பாருங்கள். அதில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை மிக அதிகம். பிள்ளைகள் படிப்பதும் சமையலும் இஸ்திரி போடுவதும் அந்த நேரத்தில்தான் என்றால் அது உங்களுக்கு ஏற்றதல்ல.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: மாநகர சபைக்குக் கட்டும் வீட்டு வரியான சோலைவரியை, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு. காலாண்டுக்கு ஒருமுறை கட்டும் பழக்கத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.