'30 வருடம் வாடகை நிச்சயம்': லியோபேலஸ்21 வளர்ந்த கதையும் வீட்டுக்காரர்கள் செய்த தவறுகளும்

போன தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது ஒரு நோட்டீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் கட்டப்போகும் அடுக்ககம் ஒன்றின் விளம்பரம். "வாங்கி எங்களிடமே விட்டுவிடுங்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 9 வருடம் வாடகை உங்கள் கணக்கில்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "ரிட்டயர் ஆனவனுக்கு இதைவிட வேற என்னடா வேணும்?" என்றார்.

அவருக்குச் சொன்ன ஜப்பான் கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் ஊரில் இந்த ஏற்பாடு புதுசு. அங்கே இதில் ஊறி, அடிபட்டு, கோர்ட்டுக்குப் போய், தனிச் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள்.

1973-ல் யூசுகே மியாமா என்பவர் டோக்கியோவில் தொடங்கிய வீட்டுத் தரகு நிறுவனம்தான் பின்னாளில் லியோபேலஸ்21 ஆனது. 1985 முதல் அந்தப் பெயரில் நகரத்தில் சின்னச் சின்ன வீடுகளைக் கட்டி விற்றார்கள். 80களின் கடைசியில் ஜப்பானில் நிலத்தின் விலை கண்மண் தெரியாமல் ஏறி, 90களின் தொடக்கத்தில் விழுந்தபோது நிறுவனம் கடனில் மாட்டிக்கொண்டது. நிலம் வாங்கிக் கட்டி விற்றால்தானே இந்தத் தலைவலி? நிலம் வைத்திருக்கிறவரைத் தேடிப் போனார்கள். அவர் பெயரில் வங்கிக் கடன், அவர் நிலத்தில் கட்டிடம், கட்டித் தரும் கான்ட்ராக்ட் நிறுவனத்துக்கு. கட்டி முடித்ததும் நிறுவனமே மொத்தக் கட்டிடத்தையும் 30 வருடத்துக்கு வாடகைக்கு எடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விடும். நிலத்துக்காரர் குடித்தனக்காரர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

அறை 20 சதுர மீட்டர் வாக்கில், அதாவது நம் கணக்கில் இருநூற்றுச் சொச்சம் சதுர அடி. டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கும். ஒரு சூட்கேஸோடு வந்து குடியேறிவிடலாம். வெளியூருக்கு மாற்றலாகிற ஊழியர்களுக்காகக் கம்பெனிகள் மொத்தமாக எடுத்தன, மாணவர்களும் வந்தார்கள். 2018 வாக்கில் அதன் பொறுப்பில் ஏறக்குறைய 5.7 லட்சம் அறைகள் இருந்தன.

இந்த எண்ணைப் பார்த்து மயங்கியதுதான் முதல் தவறு. இத்தனை லட்சம் அறைகளை நிர்வகிக்கிற கம்பெனி நம்மை ஏமாற்றுமா என்று நிலத்துக்காரர்கள் நினைத்தார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டில் நிறுவனத்துக்கு இரண்டு வருமானம். கட்டிடம் கட்டித் தருவதில் வரும் லாபம் உடனே கைக்கு வரும். உள்வாடகையில் நிற்கும் வித்தியாசம் மாதா மாதம் சொட்டும். முதல் வருமானம் வேண்டுமென்றால் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ஊரில் ஆள் தேவை இருக்கிறதோ இல்லையோ. நேற்று உங்களுக்குக் கட்டித் தந்தவர்களே இன்று பக்கத்து வயலில் இன்னொருவருக்குக் கட்டுவார்கள். உங்கள் அறைக்குப் போட்டி, உங்கள் நிறுவனத்தின் புது அறைதான்.

சைதாமா மாகாணத்தில் ஹன்யூ என்ற சின்ன ஊர் இருக்கிறது. ஜனம் பெருகும் என்ற நம்பிக்கையில் வயல்வெளியில் வீடு கட்ட இருந்த கட்டுப்பாட்டை நகராட்சி தளர்த்தியது. ஜனம் வரவில்லை, வாடகைக் கட்டிடங்கள்தான் வரிசையாக முளைத்தன. பாதி இருட்டாகக் கிடக்கும் கட்டிடங்களைப் பார்த்துவிட்டு நகராட்சி அந்தத் தளர்வைத் திரும்பப் பெற்றது. ஆகவே ஒரு வாடகை நிறுவனம் எத்தனை அறை வைத்திருக்கிறது என்று கேட்பதற்கு முன், அதன் லாபம் கட்டுவதிலிருந்து வருகிறதா, வாடகையிலிருந்து வருகிறதா என்று கேட்க வேண்டும்.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. '30 வருடம்' என்பதை '30 வருடமும் அதே வாடகை' என்று படித்துக்கொள்வது. ஒப்பந்தம் 30 வருடத்துக்குத்தான். வாடகைத் தொகை முதல் 10 வருடத்துக்கு மட்டும் நிலையானது. அதற்கப்புறம் 2 வருடத்துக்கு ஒரு முறை பேசி மாற்றலாம் என்ற வரி உள்ளே இருந்தது. விற்க வந்தவர் இந்த வரியை எவ்வளவு சத்தமாகப் படித்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2008-ல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க வங்கி விழுந்ததும் ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஒப்பந்தத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பின. அவர்களுக்காக எடுத்திருந்த அறைகள் காலியாயின. அடுத்த இரண்டு நிதியாண்டிலும் லியோபேலஸுக்குப் பெரும் நஷ்டம். அப்போதுதான் நிலத்துக்காரர்கள் வீட்டு வாசலில் நிறுவனத்து ஆட்கள் வந்து நின்றார்கள், வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று. 10 வருடம் தாண்டிய கட்டிடங்கள் சிலவற்றில் ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்ளலாம் என்றும் நெருக்கினார்கள்.

"கோர்ட்டுக்குப் போகலாமே" என்று பெரியப்பா இந்த இடத்தில் குறுக்கிட்டார். போகலாம். ஆனால் ஜப்பானின் நில, வீட்டு வாடகைச் சட்டம் குடியிருப்பவரைக் காப்பாற்ற எழுதப்பட்டது. அதன் 32-வது பிரிவு, சந்தை நிலவரம் மாறினால் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை வாடகைக்கு இருப்பவருக்குத் தருகிறது. உள்வாடகை ஏற்பாட்டில் உங்களிடம் வாடகைக்கு இருப்பவர் யார்? அறையில் தூங்குகிற பையன் இல்லை, நிறுவனம்தான். வாடகைக்கு உத்தரவாதம் தந்து ஒப்பந்தம் போட்டிருந்தாலும் நிறுவனம் இந்தப் பிரிவைப் பயன்படுத்திக் குறைக்கக் கேட்கலாம் என்று 2003 அக்டோபரில் ஜப்பான் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது வேறு ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்கு. ஆனால் தீர்ப்பு எல்லோருக்கும் பொதுவானது. போதாக்குறைக்கு, 28-வது பிரிவின்படி நியாயமான காரணம் காட்டாமல் நிலத்துக்காரர் நிறுவனத்தை வெளியே அனுப்பவும் முடியாது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி ஏழைக் குடித்தனக்காரராகிவிட்டது, கத்திரிக்காய் போட்டுக்கொண்டிருந்த தாத்தா பணக்கார வீட்டுக்காரராகிவிட்டார்!

குறைப்பு கொஞ்சம்தானே என்று தோன்றும். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 அறைகள், கட்ட 8 கோடி யென் கடன், 2 சதவீத வட்டி, 30 வருடத் தவணை. மாதத் தவணை 2.96 லட்சம் யென் வரும். அறைக்கு 45,000 வீதம் நிறுவனம் தருவது 4.5 லட்சம். கையில் நிற்பது 1.54 லட்சம். சரி, வாடகையில் 10 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். 45,000 போய்விடும், தவணை குறையாது. கையில் நிற்கும் தொகையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் காலி. இன்னொரு 10 சதவீதம் குறைந்தால் மீதி 70 ஆயிரத்துக்கும் கீழே. அதில்தான் சொத்துவரி, பெயின்ட், கூரை ரிப்பேர் எல்லாம்.

வரியை மிச்சம் பிடிக்கவென்றே கட்டியவர்களும் நிறையப் பேர். ஜப்பானில் அப்பா இறந்தால் பிள்ளைக்கு வாரிசு வரி உண்டு. வெறும் நிலத்தைவிட, வாடகைக் கட்டிடம் நிற்கிற நிலத்துக்கு மதிப்பு குறைத்துப் போடுவார்கள், கடனையும் கழித்துக்கொள்ளலாம். 2015 ஜனவரியில் வரி விலக்கு வரம்பைக் குறைத்தார்கள். 5 கோடி யென்னும் வாரிசு ஒருவருக்கு 1 கோடியும் என்று இருந்தது, 3 கோடியும் வாரிசுக்கு 60 லட்சமும் ஆனது. அதுவரை வரி வட்டத்துக்கு வெளியே இருந்த நடுத்தரக் குடும்பங்களும் உள்ளே வந்துவிட்டன, கட்டிட நிறுவனங்களின் ஆட்களுக்குக் கதவு தட்ட ஒரு நல்ல காரணம் கிடைத்தது. வரியில் மிச்சமாவது ஒரே ஒரு முறை. கடன் 30 வருடம் கூடவே வரும், பிள்ளை தலைக்கும்.

இனி சுவர் கதை. லியோபேலஸ் சுவர்கள் மெலிசு என்பது ஜப்பானில் பல காலமாக ஓடிய கேலி. ஒரு வீட்டில் காலிங் பெல் அடித்தால் நாலு வீட்டில் கதவு திறக்கும் என்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள், ஏன் அப்படி என்று யாரும் கூரைக்கு அடியில் ஏறிப் பார்க்கவில்லை.

2018-ல் சில கட்டிடச் சொந்தக்காரர்கள் ஏறிப் பார்த்தார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் சுவர், கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடத்தையும் தாண்டிக் கூரையில் போய் முட்ட வேண்டும். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் மேல் வழியாக அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுக்க அதுதான் வழி. அங்கே சுவரே இல்லை. டார்ச் அடித்தால் வரிசையாகப் பக்கத்து வீடுகளின் மேல்தளம் தெரிந்தது. நிறுவனம் அந்த மே மாதம் ஒப்புக்கொண்டது. 2019 பிப்ரவரி 7 அன்று இன்னும் பெரிய குண்டு. 1996-க்கும் 2001-க்கும் இடையில் கட்டிய 1,324 கட்டிடங்களிலும் குறை. சுவருக்குள் வைக்க வேண்டிய கண்ணாடி இழைக்குப் பதிலாக யூரிதேன் நுரை, சில இடங்களில் தீயைத் தாங்காத மேல்தளம். 14,443 பேரை வீடு மாறச் சொன்னார்கள். அதில் 7,782 பேர் மார்ச் முடிவதற்குள் கிளம்ப வேண்டும். ஜப்பானில் மார்ச் என்றால் பள்ளி, ஆபீஸ் எல்லாம் மாறும் மாதம். மூட்டை தூக்க வண்டி கிடைக்காத மாதம்.

ஏன் யூரிதேன்? வெளியிலிருந்து வந்த விசாரணைக் குழு அதற்குப் பதில் சொன்னது. நுரை நிரப்பிய பலகையாக வந்தால் கட்டுமிடத்தில் வேலை குறையும், சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிந்தால் இன்னும் நிறையக் கட்டலாம். மேலிருந்து வந்த அந்த அவசரம்தான் காரணம் என்றது அறிக்கை. நிறுவனரின் சகோதர மகனான அப்போதைய தலைவர் எய்செய் மியாமா 2019-ல் பதவி விலகினார். தோண்டத் தோண்டக் குறையுள்ள கட்டிடங்கள் 30,000-ஐ நெருங்கின. மொத்தம் கட்டியதே 39,000 சொச்சம்தான்.

நிலத்துக்காரர்கள் இங்கே செய்த தவறு, 'நிர்வாகம் அவர்கள் பொறுப்பு' என்று சொந்தக் கட்டிடத்தையே பார்க்காமல் இருந்தது. கட்டியவரும் அவரே, சரிபார்த்தவரும் அவரே, வாடகைக்கு எடுத்தவரும் அவரே என்றால் குறையைச் சொல்ல யார் மிச்சம்? நம் ஊரில் கான்க்ரீட் போடும் அன்று தாத்தாக்கள் குடையும் நாற்காலியுமாகப் போய் உட்கார்ந்திருப்பார்கள். கொத்தனாருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் நல்ல பழக்கம்தான்.

வங்கி கடன் கொடுத்துவிட்டதே, அவர்கள் பார்க்காமலா கொடுப்பார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை. இதற்கு வேறொரு நிறுவனத்தின் கதை பொருத்தம். ஸ்மார்ட் டேஸ் என்ற நிறுவனம் 'பூசணிக்காய் வண்டி' என்று பொருள்படும் பெயரில் பெண்களுக்கான பகிர்வு வீடுகளைக் கட்டி விற்றது. வாங்கியவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். சுருகா வங்கி கடன் கொடுத்தது. 2018 ஜனவரியில் உத்தரவாத வாடகை நின்றது, அந்த வருடமே நிறுவனம் திவால். அப்புறம் பார்த்தால், கடன் கிடைப்பதற்காக வாங்குபவரின் சேமிப்புக் கணக்கு விவரங்களையே திருத்தி வைத்திருந்தார்கள், வங்கி ஊழியர்கள் சிலருக்கும் அது தெரிந்திருந்தது. அரசு அந்த வங்கிக்கு 6 மாதம் முதலீட்டு வீட்டுக் கடன் கொடுக்கத் தடை போட்டது. வங்கி பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை மட்டும்தான். அதையே சரியாகப் பார்க்கவில்லை என்பது இந்த விஷயத்தில் கூடுதல் வேடிக்கை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு 'எல்லாம் மோசடி' என்று கையை உதறுவதையும் தவறு என்றே சொல்வேன். லியோபேலஸ் மூடப்படவில்லை. காலி அறைகள் கூடி, ஆள் இருக்கும் அறைகளின் பங்கு சமாளிக்கத் தேவையான 80 சதவீத அளவுக்கும் கீழே போய், கடன் சொத்தைத் தாண்டிய நிலையில் 2020-ல் ஃபோர்ட்ரெஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 57 பில்லியன் யென் அளவுக்குப் பணம் போட்டுத் தூக்கிவிட்டது. 2022 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மறுபடி லாபம் காட்டியது. இதே மாதிரித் தொழில் செய்யும் வேறு பெரிய நிறுவனங்களும் அங்கே நன்றாகவே ஓடுகின்றன. முதுமையில் வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியாதவருக்கு இது உதவியான ஏற்பாடுதான், விலை தெரிந்து எடுத்தால்.

அந்த விலையைச் சொல்ல வைக்கத்தான் ஜப்பான் 2020-ல் சட்டம் போட்டது. உள்வாடகைப் பகுதி அந்த டிசம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. 'வாடகை நிச்சயம்' என்று விளம்பரம் போட்டால், பின்னால் குறையலாம் என்பதையும் அங்கேயே போட வேண்டும். கையெழுத்துக்கு முன்னாலேயே அந்த விவரங்களை எழுத்தில் கொடுத்து விளக்க வேண்டும்.

பெரியப்பா மறுநாள் அந்த நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஒப்பந்தத்தின் மாதிரியை முதலில் அனுப்புங்கள் என்றார். "அட்வான்ஸ் போட்டதும் குடுத்துடுவோம் சார்" என்றது மறுமுனை. "9 வருஷமும் ஒரே வாடகையா?" என்று கேட்டார். "மார்க்கெட்டைப் பொறுத்து ரிவைஸ் ஆகும் சார், பெரும்பாலும் ஏறத்தான் செய்யும்" என்றார் அந்தப் பையன். "இறங்கினா?" என்றார் பெரியப்பா. மேனேஜரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான்.