பலூன் கார் செய்து இயக்கத்தைச் சோதிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு. பள்ளி அறிவியல் செயல்திட்டத்துக்காக பலூன் கார் செய்து முடித்து, பலூனை ஊதி, தரையில் வைத்து விரலை எடுத்தாள். காற்று புஸ்ஸென்று முழுக்க வெளியேறியது, கார் இருந்த இடத்திலேயே லேசாக நடுங்கிவிட்டு நின்றுவிட்டது. இன்னும் பெரிதாக ஊதிப் பார்த்தாள், அப்போதும் அதேதான். காரைத் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு சக்கரமாக விரலால் சுண்டச் சொன்னேன். முன்சக்கரம் இரண்டும் நன்றாகச் சுற்றின. ஒரே குச்சியில் மாட்டிய பின்சக்கரம் இரண்டும் அரைச் சுற்றில் நின்றன, ஏனென்றால் வலது பக்கச் சக்கரமாக மாட்டிய பாட்டில் மூடியில் ஓட்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தது. அந்த ஒரு மூடியை மாற்றியதும் அதே கார், அதே பலூன், அறையின் அந்தக் கோடி வரை ஓடியது.

முதல்முறை செய்பவர்கள் எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்: பலூனைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் சக்கரத்தைப் பாருங்கள்.

என்னென்ன வேண்டும்

தடிமனான அட்டை (15 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் போதும்), ஒரே அளவில் நான்கு பாட்டில் மூடிகள், இரண்டு மூங்கில் குச்சிகள், மூன்று ஸ்ட்ரா, செலோ டேப், ரப்பர் பேண்ட், ஒரே ரகத்தில் ஏழெட்டு பலூன்கள். அளப்பதற்கு டேப், நூல், ஸ்கேல், ஒரு மொபைல். பலூன் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம், கட்டாயம் ஒன்றிரண்டு வெடிக்கும். வெடித்த துண்டுகளை உடனே எடுத்துப் போட்டுவிடுங்கள், சின்னக் குழந்தைகள் வாயில் போட்டால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ரப்பர் ஒவ்வாமை இருப்பவர்கள் ஊதும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிடலாம்.

சக்கரமும் அச்சும்: பொறுமை தேவைப்படும் இடம்

மூடியின் நடுப்புள்ளியைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்துக் குத்தாதீர்கள். மூடியைக் காகிதத்தில் வைத்து வட்டம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தைச் சரிபாதியாக ஒரு முறை மடித்து, பிறகு வேறு திசையில் இன்னொரு முறை சரிபாதியாக மடித்து விரித்தால் இரண்டு மடிப்புக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம். காகிதத்தை மூடியின் மேல் வைத்து அந்த இடத்தில் ஆணியால் குத்த வேண்டும். குத்தும் வேலையைப் பெரியவர் ஒருவர் செய்துதரட்டும், மூடி வழுக்கினால் ஆணி கையில் ஏறிவிடும். ஓட்டை மூங்கில் குச்சியைவிட ஒரு துளி மட்டும் சிறிதாக இருக்கட்டும். குச்சி அதில் இறுக்கமாக நுழைந்து நிற்க வேண்டும், ஏனென்றால் நம் காரில் சக்கரமும் குச்சியும் சேர்ந்தே சுற்றும், குச்சி ஸ்ட்ராவுக்குள் தளர்வாகச் சுழலும்.

ஸ்ட்ராவில் 9 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். அட்டையின் அகலம் 8 செ.மீ. என்பதால் இரண்டு பக்கமும் அரை அரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அப்போதுதான் சக்கரம் அட்டையின் ஓரத்தில் உரசாது. இந்த இரண்டு துண்டையும் அட்டையின் அடியில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக டேப்பால் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது ஸ்ட்ராவை நசுக்கிவிடாதீர்கள். இரண்டு ஸ்ட்ராவும் இணையாக இருக்கிறதா என்று கண்ணை நம்பாமல் ஸ்கேல் வைத்தே பாருங்கள், அதாவது இடது முனைகளுக்கு இடையே உள்ள தூரமும் வலது முனைகளுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் மூன்று மில்லிமீட்டர் பிசகினாலும் கார் நேராகப் போகாமல் வளைந்து போய் சுவரில் முட்டும். பிறகு 12 செ.மீ. குச்சியை உள்ளே விட்டு இரண்டு முனையிலும் மூடியை மாட்டுங்கள். குச்சியின் கூர்முனையை வெட்டிவிடுவது நல்லது.

சரி, இப்போது பலூன் இல்லாமலே ஒரு சோதனை. ஒரு புத்தகத்தைச் சாய்த்து வைத்து அதன் மேலிருந்து காரை உருட்டிவிடுங்கள். தானாக உருண்டு தரையிலும் கொஞ்ச தூரம் நேராகப் போனால் வண்டி தயார். பாதியில் நின்றால், தலையை ஆட்டினால், அடுத்த படிக்குப் போகாதீர்கள். இங்கேயே சரிசெய்துவிடுங்கள்.

பலூனைப் பொருத்துவது

மூன்றாவது ஸ்ட்ராவை 12 செ.மீ. அளவுக்கு வெட்டி, பலூனின் வாய்க்குள் 3 செ.மீ. நுழைத்து, ரப்பர் பேண்டால் நாலைந்து சுற்று சுற்றுங்கள். ரொம்ப இறுக்கினால் ஸ்ட்ரா நசுங்கிக் காற்றுப் பாதை அடைபடும், தளர்வாக விட்டால் ஓரத்தில் காற்று கசியும். எது நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஸ்ட்ரா வழியாக ஊதி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு, ரப்பர் பேண்ட் இருக்கும் இடத்தைக் கன்னத்தருகே கொண்டுபோங்கள். கசிவு இருந்தால் கன்னத்தில் குளுகுளுவென்று படும்.

இந்த ஸ்ட்ராவை அட்டையின் மேல், சரியாக நடுக்கோட்டில், முனை பின்பக்கம் 2 செ.மீ. வெளியே தெரியும்படி ஒட்ட வேண்டும். முனை தரைக்கு இணையாக, நேர் பின்னால் பார்க்கட்டும். அது மேல்நோக்கி இருந்தால் விசையின் ஒரு பங்கு காரைத் தரையோடு அழுத்துவதில் போய்விடும். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கார் வளையும். பலூன் ஊதிய பிறகு தரையில் உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் முன்பக்கம் ஒரு சின்ன அட்டைத் துண்டை மடித்து ஒட்டி பலூனைத் தூக்கிவைக்கலாம்.

இது ஏன் ஓடுகிறது?

ஊதிய பலூனின் ரப்பர் சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி ஸ்ட்ரா வழியாகப் பின்னால் தள்ளுகிறது. பலூன் காற்றைப் பின்னால் தள்ளும் அதே நேரத்தில் காற்று பலூனை முன்னால் தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர் விசை உண்டு, இரண்டும் வெவ்வேறு பொருள்கள் மீது செயல்படும் என்று நியூட்டன் 1687-ல் வெளியிட்ட மூன்றாம் விதி இதுதான்.

பெரும்பாலான பிள்ளைகள் (பெரியவர்களும்தான்) இங்கே ஒரு தவறான விளக்கம் தருவார்கள்: வெளியே வரும் காற்று பின்னால் இருக்கும் காற்றை உதைப்பதால் கார் நகர்கிறது என்று. உதைக்க வெளியே எதுவும் தேவையில்லை. 1920-ல் நியூயார்க் டைம்ஸ் இதே தவறைத் தலையங்கத்திலேயே செய்தது. வெற்றிடத்தில் உதைக்க ஒன்றும் இல்லாதபோது ராக்கெட் எப்படி ஓடும் என்று அமெரிக்க ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் கோடார்டைக் கேலி செய்தது. அதைத் திருத்திக்கொண்டது 1969 ஜூலை 17-ல், அப்போலோ 11 நிலவை நோக்கிக் கிளம்பிய மறுநாள்.

உங்கள் காரிலேயே இதைப் பார்க்கலாம். ஸ்ட்ரா முனைக்கு நேர் பின்னால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, ஒரு அகலமான அட்டையைச் செங்குத்தாகக் காரோடு சேர்த்து ஒட்டுங்கள். பலூன் அதே அளவு, காற்றும் அதே வேகத்தில்தான் வெளியேறும், ஆனால் கார் அநேகமாக நகராது. ஸ்ட்ராவிலிருந்து வரும் காற்று அட்டையில் மோதி அதைப் பின்னால் தள்ளுகிறது, பலூனை முன்னால் தள்ளும் விசையை அது ஈடுகட்டிவிடுகிறது. மோதிய காற்று பக்கவாட்டில் சிதறிப் போகிறதே தவிர பின்னால் போகவில்லை. அட்டையைப் பிய்த்து எடுத்தால் கார் மறுபடி ஓடும். எனக்கு இந்தச் செயல்திட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கண்காட்சியில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வியை முடிவு செய்யுங்கள்

கார் ஓடிவிட்டது. இனிதான் சோதனை. ஒரே ஒரு கேள்வி எடுத்துக்கொள்ளுங்கள்: பலூனை எவ்வளவு ஊதினால் எவ்வளவு தூரம் போகும்? அல்லது, பாரம் கூட்டினால் வேகம் எவ்வளவு குறையும்? அல்லது, ஸ்ட்ராவின் விட்டம் மாறினால் என்ன ஆகும்? மூன்றையும் ஒரே நாளில் மாற்றிப் பார்க்க ஆசை வரும், செய்யாதீர்கள். ஸ்ட்ராவையும் மாற்றி பாரத்தையும் கூட்டிவிட்டுக் கார் மெதுவாகப் போனால், எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் மாற்றுவது ஒன்று, அளப்பது ஒன்று. தரை, சக்கரம், பலூன் ரகம், புறப்படும் கோடு இவையெல்லாம் மாறவே கூடாது. என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதைச் சோதனைக்கு முன்பே தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுங்கள், அதுதான் உங்கள் கருதுகோள். அது தப்பாகப் போனாலும் மதிப்பெண் குறையாது, பின்னால் திருத்தி எழுதினால்தான் தப்பு.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் முதல் கேள்வியை எடுப்பது எளிது. ஊதிய அளவை எப்படிச் சொல்வது? "ஐந்து மூச்சு ஊதினேன்" என்பது அளவாகாது, ஒவ்வொரு மூச்சும் வேறு வேறு. பலூனின் பருத்த இடத்தில் நூலைச் சுற்றி, நூலை ஸ்கேலில் வைத்துச் சுற்றளவு பாருங்கள். 40, 50, 60 செ.மீ. என்று மூன்று அளவு போதும். நூலில் மூன்று முடிச்சு போட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஸ்கேல் தேட வேண்டாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். சுற்றளவு 40-லிருந்து 60 ஆனால் அது ஒன்றரை மடங்குதான், ஆனால் பலூனை ஏறக்குறைய உருண்டை என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் காற்று மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது, கன அளவு அப்படித்தான் கூடும். 60 செ.மீ. சுற்றளவுள்ள பலூனில் சுமார் மூன்றரை லிட்டர் காற்று இருக்கும், அதன் எடை ஏறக்குறைய நான்கு கிராம். அந்த நான்கு கிராம் காற்று பின்னால் பாய்வதில்தான் மொத்தக் காரும் நகர்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஓடவிடுவதும் அளப்பதும்

தரையில் டேப்பால் புறப்படும் கோடு ஒட்டுங்கள். காரின் முன் விளிம்பு கோட்டில் இருக்க வேண்டும், நின்ற பிறகும் முன் விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும். விரலை எடுக்கும்போது காரைத் தள்ளிவிடாதீர்கள், தெரியாமலே எல்லோரும் லேசாகத் தள்ளுகிறோம். ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து முறை ஓடவிடுங்கள்.

புது பலூன் விறைப்பாக இருக்கும், திரும்பத் திரும்ப ஊதினால் தளர்ந்துவிடும். அளக்கத் தொடங்கும் முன்பே நாலைந்து முறை ஊதி விட்டுவிடுங்கள். 40-ல் ஐந்து, அடுத்து 50-ல் ஐந்து என்று வரிசையாகப் போகாமல், 50, 40, 60, 40, 60 என்று கலைத்துப் போடுவது இன்னும் நல்லது, இல்லாவிட்டால் பலூன் தளர்ந்ததன் பாதிப்பு முழுக்க 60-ன் தலையில் விழும்.

நேரத்துக்கு ஸ்டாப்வாட்ச் அவ்வளவு நம்பகமில்லை. பார்த்து, விரல் அழுத்துவதற்குள் கிட்டத்தட்ட 0.2 நொடி போய்விடும், மொத்த ஓட்டமே 2 நொடி என்றால் அது பத்தில் ஒரு பங்கு. பக்கவாட்டிலிருந்து மொபைலில் வீடியோ எடுங்கள். வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படம்தான் பிரேம், நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேம் சுமார் 0.033 நொடி. தரையில் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு டேப் ஒட்டி வைத்துவிட்டு, கார் ஒவ்வொரு டேப்பையும் கடக்க எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணினால் போதும். 15 பிரேமில் அரை மீட்டர் கடந்தால் அரை நொடியில் அரை மீட்டர், அதாவது நொடிக்கு 1 மீட்டர் வேகம். இப்படிப் பகுதி பகுதியாகப் பார்த்தால் கார் முதலில் வேகம் கூடுவதும், பலூன் காலியான பிறகு உராய்வால் மெல்ல வேகம் குறைந்து நிற்பதும் எண்ணிலேயே தெரியும். மொத்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் மட்டும்தான் கிடைக்கும், இந்த இரண்டு கட்டமும் அதில் மறைந்துபோகும்.

எண்கள் கைக்கு வந்த பிறகு

உதாரணத்துக்கு, 40 செ.மீ. அளவில் ஐந்து ஓட்டம் 1.2, 1.4, 1.3, 0.6, 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1.16. அந்த 0.6 உறுத்துகிறது, அதை விட்டுவிட்டால் சராசரி 1.3. நைசாக அழித்துவிடலாமா? கூடாது. 0.6 அட்டவணையில் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் "பின்சக்கரம் அட்டையில் உரசியது" என்று என்ன பார்த்தீர்களோ அதை எழுதுங்கள், இன்னொரு முறை ஓடவிட்டு அதையும் சேருங்கள். ஆசிரியர் முதலில் கேட்கப்போவதும் அந்த எண்ணைப் பற்றித்தான், அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்கும்.

வரைபடத்தில் கிடைக்கோட்டில் சுற்றளவு, செங்குத்துக் கோட்டில் தூரம். சராசரியை மட்டும் குறிக்காமல் ஐந்து புள்ளிகளையும் குறியுங்கள், புள்ளிகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றனவோ அவ்வளவுக்கு உங்கள் கார் நம்பகமாக ஓடியிருக்கிறது. மூன்று அளவுகளும் நேர்கோட்டில் வராமல் மேல்நோக்கி வளைந்தால் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன கன அளவுக் கணக்கை அங்கே எழுதலாம்.

அடுத்த சுற்றில் பாரத்தை மாற்ற நினைத்தால், களிமண் உருண்டைகளை ஒரே எடையில் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அச்சுகளுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். ஒரே பக்கமாக வைத்தால் ஸ்ட்ரா வளைந்து சக்கரம் மறுபடி உரச ஆரம்பிக்கும், அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் நான்கு சக்கரத்தையும் ஒரு முறை விரலால் சுண்டிவிடுங்கள்.