பெரிய பிளானுக்கு மாறும் முன் லேக் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

ஆன்லைன் கேமில் எதிரியைக் குறிபார்த்துச் சுட்டாச்சு, அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறான், அரை நொடி கழித்துப் பார்த்தால் செத்துக் கிடப்பது நாம். இந்தத் தாமதத்துக்குப் பெயர்தான் லேக். இதற்கு எல்லோரும் சொல்கிற வைத்தியம் ஒன்றுதான்: பெரிய நெட் பிளானுக்கு மாறு. நானும் மாறினேன். மாதாமாதம் கூடுதல் காசு போனதுதான் மிச்சம், லேக் அசையவே இல்லை.

பிளானில் போட்டிருக்கும் எம்பிபிஎஸ், ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வரும் என்கிற கணக்கு. கேமை டவுன்லோட் செய்ய அது வேண்டும். ஆடும்போது பெரும்பாலான கேம்கள் 1 எம்பிபிஎஸ் கூடத் தின்பதில்லை. அப்போது முக்கியம் பிங்: அனுப்பிய தகவல் சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பது.

முதலில் அது நெட் லேக்தானா என்று பாருங்கள். கேம் செட்டிங்ஸில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது என்பது), பிங் இரண்டையும் திரையில் காட்டும்படி வைக்கலாம். பிங் நிலையாக இருந்து எஃப்பிஎஸ் மட்டும் விழுந்தால், கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் அல்லது போனில். கிராபிக்ஸைக் குறையுங்கள், மீதியைப் படிக்க வேண்டாம். ஓடிப்போன இடத்திலிருந்து யாரோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பது போல் இருந்தால் அது அநேகமாக நெட்.

இப்போது விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை டைப் செய்யும் திரை) இரண்டு ஜன்னலாகத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), இன்னொன்றில் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8க்கும் பிங் கட்டளையை ஓட விடுங்கள். சும்மா கொடுத்தால் நாலே முறை ஓடி நின்றுவிடும். கடைசியில் ஒரு ஹைஃபனும் ஆங்கில 't'யும் சேர்த்தால் (ping 8.8.8.8 -t என்பது போல) நிறுத்தும் வரை ஓடும். அதை ஓடவிட்டு ஒரு மேட்ச் ஆடுங்கள், லேக் அடித்த நொடியே ஜன்னலைப் பாருங்கள்.

ரூட்டருக்கே பிங் 2, 3, 4 என்று போய்த் திடீரென்று 150க்கு எகிறினால் குற்றவாளி உங்கள் வைஃபை. கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள், கதை முடிந்தது. முடியாதென்றால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. 5 சுவரைத் தாண்டக் கொஞ்சம் திணறும், அதனால் ரூட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ரூட்டர் பிங் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் எகிறுகிறதா? என் கதை இதுதான். பகலெல்லாம் 18, ராத்திரி ஒன்பது மணியானால் 340. நெட் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து வீட்டில் ஒவ்வொரு போனிலும் வைஃபையை அணைத்துக்கொண்டே வந்தேன், மூன்றாவது போனை அணைத்ததும் 340 அப்படியே 19க்கு இறங்கியது. அது என் போன்தான்! அன்று எடுத்த வீடியோக்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

அப்லோட் நிரம்பினால் ரூட்டர் மிச்சத்தைத் தூக்கிப்போடாமல் வரிசையில் நிற்க வைக்கிறது. வரிசை நீளமானால், கேம் அனுப்பும் துக்கடா தகவலும் அந்த வீடியோ மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுதான் போக வேண்டும். ஜிம் கெட்டிஸ் என்கிற இன்ஜினியர் 2010 வாக்கில் தன் வீட்டு நெட்டில் இதையே துருவிப் பார்த்தார். இதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர். ரூட்டர் செட்டிங்ஸில் எஸ்கியூஎம் (SQM, இந்த வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால் ஆன் செய்து, அப்லோட், டவுன்லோட் இரண்டுக்கும் ஸ்பீட் டெஸ்டில் உண்மையில் வரும் வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் வரிசையை ரூட்டரே கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். அந்த வசதி இல்லையென்றால் பேக்கப்பை ஆடி முடித்த பிறகு ஓடும்படி மாற்றினால் போதும், நான் அதைத்தான் செய்தேன்.

எல்லா போனையும் அணைத்தும் எகிறினால் அப்புறம் கம்பெனிக்கு போன் போடலாம். கேபிளில் இணைத்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"விலேயே பேச்சு முடிந்துவிடும்.

கடைசியாக, சர்வர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், ஆக 5,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்வர நேர்க்கோட்டில் கேபிள் போட்டாலே 50 மில்லிசெகண்ட். எந்த 'கேம் பூஸ்டர்' ஆப்பும் இதைக் குறைக்காது. செட்டிங்ஸில் பக்கத்து ரீஜியனை எடுங்கள். அங்கே ஆட ஆள் கிடைக்கவில்லை என்றால் தூரத்து சர்வர்தான் கதி, 100 பிங் நிலையாக நின்றால் நாலைந்து நாளில் கை அதற்குப் பழகிவிடும். 40க்கும் 200க்கும் ஊசலாடுகிற பிங்குக்குத்தான் கை பழகவே பழகாது.