இணையவழி நிகழ்ச்சியில் பேசுபவருக்கு மதிப்பூதியம்: பேசுவதிலிருந்து அனுப்புவது வரை

மேடை நிகழ்ச்சி என்றால் பேச்சாளர் கிளம்பும்போது கவரைக் கையில் கொடுத்துவிடலாம். ஜூமில் அந்த நேரமே வருவதில்லை. நன்றியுரை முடிந்ததும் அவர் 'லீவ்' பொத்தானை அழுத்துகிறார், ஆள் போய்விட்டார். பிறகு 'அக்கவுண்ட் விவரம் அனுப்ப முடியுமா?' என்று ஒரு மெயில். பத்து நாள் கழித்து, 'வங்கிக் குறியீடு விட்டுப்போயிருக்கிறது' என்று இன்னொன்று. மூன்றாவது மெயிலுக்குள் இரண்டு பக்கமும் கூச்சம் வந்துவிடும். கொடுக்க மனமிருந்தும் பணம் போய்ச் சேராமல் நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். எனவே பணப் பேச்சு முழுவதையும் அழைப்பு மெயிலிலேயே முடித்துவிடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது

'ஒரு மணி நேரம்தானே, பயணம்கூட இல்லையே' என்று தொடங்கும் கணக்கு தவறிவிடும். பயணம் இல்லாததால் மிச்சமாவது உங்கள் டிக்கெட் செலவும் தங்கும் செலவும். அவருடைய தயாரிப்பு வேலை அப்படியேதான் இருக்கிறது.

45 நிமிட உரை, 15 நிமிடக் கேள்வி-பதில் என்று எடுத்துக்கொள்வோம். புதிதாகத் தயாரிக்கும் உரை என்றால் ஸ்லைடுகளோடு சேர்த்து 6 முதல் 10 மணி நேரம் பிடிக்கும். ஒலி-ஒளி சோதனைக்கு அரை மணி, நிகழ்ச்சிக்குக் கால் மணி முன்னதாக வந்து உட்கார்வது, மெயில் போக்குவரத்துக்கு ஒரு மணி. நிகழ்ச்சியின் ஒரு மணியோடு எல்லாம் சேர்த்தால் சுமார் 9 முதல் 13 மணி நேரம். ஏற்கெனவே பேசிய உரையை உங்கள் கூட்டத்துக்கு ஏற்றபடி மாற்றுவது மட்டும் என்றால் 5 அல்லது 6 மணியில் முடியும். அதே துறையில் அதே அனுபவமுள்ளவர் தனியாக வேலை எடுத்துச் செய்தால் மணிக்கு என்ன வாங்குவாரோ, அதை இந்த மணிக்கணக்கால் பெருக்குங்கள். கைவசம் உள்ள பட்ஜெட் அதை எட்டாவிட்டால் தொகையை வெட்டுவதற்குப் பதில் வேலையைக் குறையுங்கள். ஸ்லைடு வேண்டாம், 25 நிமிட நேர்காணல் போதும், கேள்விகளை நீங்களே முன்கூட்டி அனுப்பிவிடுகிறீர்கள் என்றால் அவருக்கு மொத்தமே மூன்று மணி நேர வேலைதான்.

பல பேர் பேசும் நிகழ்ச்சிக்கு முதலில் ஒரு விகித அட்டவணை போட்டுவிடுங்கள். சிறப்புரைக்கு 100 என்றால், கலந்துரையாடலில் பங்கேற்பவருக்கு 40 முதல் 50, அதை நெறிப்படுத்துபவருக்கு 60 முதல் 70, இரண்டு மணி நேரப் பயிலரங்குக்கு 150 முதல் 200 என்பது நியாயமாக இருக்கும். நெறியாளருக்கு ஏன் கூடுதல் என்று கேட்பார்கள். எல்லாருடைய பின்னணியையும் படிப்பது, முன்கூட்டத்தை நடத்துவது, நேரத்தைக் காப்பது எல்லாம் அவர் தலையில்தான் விழுகிறது.

ஒரே வேலைக்கு ஒரே தொகை. 'கேட்டவருக்குக் கொடுத்தோம், கேட்காதவர் சும்மா வந்தார்' என்ற ஏற்பாடு நீண்ட நாள் மறைந்திருக்காது. கலந்துரையாடலில் பேசிய இருவர் பிறகு ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள், ஒப்பிடுவார்கள். அடுத்த ஆண்டு இருவருமே வரமாட்டார்கள்.

அழைப்பில் தொகையை எழுதுவது

'மதிப்பூதியம் ஏதும் எதிர்பார்க்கிறீர்களா?' என்பதைப் போல மோசமான கேள்வி வேறில்லை. ஆம் என்றால் பேராசைக்காரர், இல்லை என்றால் இலவச உழைப்பு. 'தங்கள் கட்டணம் எவ்வளவு?' என்பது பேச்சையே தொழிலாகக் கொண்டவர்களிடம் செல்லும். முதல்முறை பேச வருபவரோ பதற்றத்தில் ஒரு சிறு தொகையைச் சொல்லிவிட்டுப் பிறகு வருந்துவார். தொகையை நீங்களே முதலில் சொல்லுங்கள். மெயிலின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

'உரை 45 நிமிடம், கேள்வி-பதில் 15 நிமிடம். மூன்று நாள் முன்பு 30 நிமிட ஒலி-ஒளி சோதனை. மதிப்பூதியம் ____. வரிப் பிடித்தம் போக உங்கள் கைக்கு வருவது ____. நிகழ்ச்சி முடிந்து 7 நாளுக்குள் வங்கி வழியாக அனுப்புவோம், அனுப்பும் கட்டணம் எங்களுடையது. பதிவை, பங்கேற்பாளர்கள் மட்டும் 30 நாள் பார்க்கலாம், பிறகு நீக்கிவிடுவோம். தொகை வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதினால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.'

கடைசி வரி முக்கியம். அரசுப் பணியிலோ சில நிறுவனங்களிலோ இருப்பவர்கள் மேலிடத்து அனுமதியில்லாமல் வெளியே பணம் வாங்க முடியாது. அவர்கள் சங்கடமில்லாமல் விலகிக்கொள்ள அது வழிவிடும். 'என் தொகையை இன்ன அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடுங்கள்' என்று சிலர் சொல்வார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பணம் யாருக்குப் போகவேண்டும் என்று அவர் உத்தரவிட்டால், பல நாடுகளின் வரிச் சட்டம் அதை அவருடைய வருமானமாகவே எடுத்துக்கொள்ளும். அவர் தொகையை முதலிலேயே முழுமையாக மறுத்துவிட்டு, பிறகு நீங்களாக நன்கொடை கொடுப்பதுதான் சுத்தமான வழி. பெரிய தொகை என்றால் கணக்காளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுக்குத் தனிக் கணக்கு

நேரலையில் ஒருமுறை பேசுவது ஒரு வேலை. அந்தப் பதிவை யூடியூபில் என்றென்றைக்கும் வைத்திருப்பது வேறு. கட்டணம் வாங்கிக்கொண்டு விற்பது அதைவிட வேறு. முப்பது நாள் பார்க்கலாம் என்பதை அடிப்படைத் தொகைக்குள் அடக்கலாம். பொதுவெளியில் காலவரையின்றி வைக்க வேண்டுமென்றால் கூடுதல் தொகை கொடுங்கள். விற்பனை என்றால் வரும் பணத்தில் பங்கு பேசுங்கள். அதே உரையை அவர் வேறு பத்து இடங்களில் பேசிச் சம்பாதிக்கக்கூடும், இலவசப் பதிவு கிடைத்துவிட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (குறிப்பிட்ட நிபந்தனைகளோடு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற பொது அனுமதி) வெளியிடுவதாக இருந்தால் அதை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது.

வரிப் பிடித்தம்

சண்டை அதிகம் வருவது இங்கேதான், குறிப்பாகப் பேச்சாளர் வேறு நாட்டில் இருந்தால். சொன்னது 100, வந்தது 80 என்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். மொத்தத் தொகையைச் சொல்கிறீர்களா, கைக்கு வருவதைச் சொல்கிறீர்களா என்பதை எழுத்தில் வையுங்கள்.

வரியை நாங்களே ஏற்கிறோம் என்று முடிவு செய்தால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். 20 சதவீதம் பிடித்தம் என்பதால் 100-உடன் 20-ஐக் கூட்டி 120 என்று பில் போடுவது வழக்கமான பிழை. 120-இல் 20 சதவீதம் 24, கைக்கு 96தான் வரும். கைக்குச் சேரவேண்டிய தொகையை 0.80-ஆல் வகுக்க வேண்டும், 125 வரும். பிடித்தம் 10 சதவீதம் என்றால் 0.90-ஆல் வகுத்தால் 111.11. 30 சதவீதம் என்றால் 0.70-ஆல், 142.86.

இரு நாடுகளுக்கிடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் விகிதம் குறையலாம், சில சமயம் பிடித்தமே இருக்காது. ஆனால் அதற்கு அவருடைய வரி வதிவிடச் சான்றிதழ் (எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்று அந்நாட்டு வரித்துறை தருவது) போன்ற ஆவணங்கள் பணம் அனுப்பும் முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனம் என்றால் வெளிநாட்டுப் பேச்சாளரிடம் டபிள்யூ-8பிஇஎன் (W-8BEN) படிவம் கேட்கும், தான் அமெரிக்க வரி வதிவாளர் அல்ல என்று அவர் உறுதி சொல்லும் படிவம் அது. பொதுவாக அது கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள் வரை செல்லும், எனவே பழையது கோப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடித்த வரிக்குச் சான்று கொடுக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் அவர் தன் நாட்டில் அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

பணம் அனுப்புவது

அழைப்பை ஏற்ற அன்றே விவரங்களை வாங்கிவிடுங்கள். பெரிய நிறுவனங்களில் புதியவரைக் கணக்குப் பிரிவில் பதிவு செய்வதற்கே பல வாரம் ஆகும். கேட்கவேண்டியவை: வங்கியில் உள்ளபடி பெயர், முகவரி, கணக்கு எண், ஸ்விஃப்ட் குறியீடு (பன்னாட்டுப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டுவது), வரி எண், எந்த நாணயத்தில் வேண்டும். ஸ்விஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்து இருக்க வேண்டும், வேறு எண்ணிக்கை இருந்தால் தவறு. ஐபான் எனும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண் அதிகபட்சம் 34 எழுத்து. ஆனால் எல்லா நாட்டிலும் ஐபான் கிடையாது, அமெரிக்காவிலும் கனடாவிலும் இல்லை, எனவே அதைக் கட்டாயக் கட்டமாகப் படிவத்தில் வைக்காதீர்கள்.

பெயர்தான் அடிக்கடி கால்வாரும். போஸ்டரில் புனைபெயர், வங்கியில் இயற்பெயர். ஓரிடத்தில் முன்னெழுத்து, இன்னோரிடத்தில் அதன் விரிவு. பில்லில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

வங்கிப் பரிமாற்றத்தில் கட்டணம் யார் ஏற்பது என்று மூன்று தெரிவுகள் வரும். ஓயூஆர் (OUR) என்றால் எல்லாம் அனுப்புபவர் கணக்கில், பிஇஎன் (BEN) என்றால் எல்லாம் பெறுபவர் தலையில், எஸ்ஹெச்ஏ (SHA) என்றால் பகிர்வு. பகிர்வில் இடைப்பட்ட வங்கிகள் வழியிலேயே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். முழுத் தொகை போய்ச் சேரவேண்டுமென்றால் ஓயூஆர். சிறு தொகைக்கு இந்தக் கட்டணம் கடிக்கும், ஒரே ஆளுக்கு இரண்டு அமர்வு என்றால் சேர்த்து ஒரே தடவையாக அனுப்புங்கள். இணையவழிப் பணச் சேவையான பேபால் எளிது, ஆனால் எல்லா நாட்டிலும் பணம் பெற வசதியில்லை. கட்டணத்தை மிச்சப்படுத்த 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியில் அனுப்பாதீர்கள். சேவைக்கான பணத்தை அப்படி அனுப்புவது பேபால் விதிக்கே எதிரானது.

கிஃப்ட் கார்டு வேண்டவே வேண்டாம் என்பேன். அமேசான் கார்டு எந்த நாட்டுத் தளத்துக்கு வாங்கியதோ அங்கே மட்டும்தான் செல்லும். வேறு நாட்டில் இருப்பவருக்கு அது ஒரு எண் வரிசை, அவ்வளவுதான்.

ரத்தானால்

நீங்கள் ரத்து செய்தால்: ஒரு வாரத்துக்கு முன் என்றால் பாதி, 48 மணி நேரத்துக்குள் என்றால் முழுத் தொகை. இடைப்பட்ட நாட்களுக்கு முக்கால். அவர் ரத்து செய்தால் எதுவும் இல்லை, அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பித் தருவார். அவர் பக்கம் இன்டர்நெட் நடுவில் போனால்? தயாரித்து வந்தவருக்கு முழுத் தொகையைக் கொடுத்து, விட்டுப்போன பகுதியைத் தனியாகப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள் என்பது தொகையைக் குறைக்கக் காரணமே ஆகாது.

பணம் அனுப்பிய அன்றே தேதி, தொகை, பிடித்த வரி மூன்றையும் எழுதி மெயில் போடுங்கள். ஐந்து வேலை நாளில் வரவில்லை என்றால் உங்கள் வங்கியிடம் யூஇடிஆர் (UETR) எண்ணை, அதாவது அந்தப் பரிமாற்றத்துக்கான தனி அடையாள எண்ணைக் கேளுங்கள், 36 எழுத்து நீளமிருக்கும். அதை வைத்துப் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள்.