டிஸ்க்குக்குள் மவுண்ட் ஆன டிஸ்க்கை என்எஃப்எஸ்ஸில் பகிர்வது எப்படி?

திருநெல்வேலியில் ஒரு கல்யாண போட்டோ ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சர்வரில் டெபியன் என்ற லினக்ஸ் ஓடுகிறது. ஃபோல்டர்களை நெட்வொர்க் வழியே மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்கிற முறைதான் என்எஃப்எஸ். முதல் டிஸ்க் 'கடை' என்ற ஃபோல்டரில் மவுண்ட் ஆகிறது, அதாவது அந்த ஃபோல்டரைத் திறந்தால் அந்த டிஸ்க்கில் உள்ளது தெரியும். இரண்டாவது அதற்குள்ளேயே 'கடை/படம்' என்ற இடத்தில், மூன்றாவது 'கடை/வீடியோ'வில். ஆல்பம் போடுகிறவருக்கும் எடிட்டிங் பார்க்கிறவருக்கும் எல்லாம் ஒரே ஃபோல்டராகத் தெரிய வேண்டும். இடம் போதாவிட்டால் அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்த அடுக்கு.

இப்படி அடுக்கி வைத்து, எதை யாருக்குப் பகிர்வது என்று குறிக்கிற எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் 'கடை'யை மட்டும் எழுதினால் என்ன ஆகும்? எடிட்டிங் மேசையிலிருந்து குரல் வரும்: "அண்ணே, வீடியோ ஃபோல்டர் காலியா இருக்கு!"

முதலில் பதறாதீர்கள். ஃபைல்கள் எங்கேயும் போகவில்லை. என்எஃப்எஸ் ஒரு டிஸ்க்கை அல்லது அதன் ஒரு பகுதியான பார்ட்டிஷனைப் பகிரும்போது அந்த பார்ட்டிஷனோடு நின்றுவிடும். அதற்குள் இன்னொன்று மவுண்ட் ஆகியிருந்தால் தானாக அங்கே தாண்டிப் போகாது. மவுண்ட் செய்வதற்கு முன்பு முதல் டிஸ்க்கில் இருந்த வெறும் 'வீடியோ' ஃபோல்டர்தான் எடிட்டருக்குத் தெரிகிறது.

உடனே அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "தம்பி, அதுக்குள்ள எதையும் காப்பி பண்ணாதீங்க." அந்தக் காலி ஃபோல்டரில் எழுதினால் ஃபைல் முதல் டிஸ்க்கில் போய் உட்காரும். சர்வரில் பார்த்தால் மேலே வீடியோ டிஸ்க் மூடிக்கொண்டிருப்பதால் கண்ணுக்கே தெரியாது. மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சொல்லும், ஃபோல்டர்களின் அளவைக் கூட்டிக் காட்டும் டியூ கட்டளையோ அந்த அளவுக்கு ஃபைல்களைக் காட்டாது. ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால், வேறொரு வெற்று ஃபோல்டரில் 'கடை'யை பைண்ட் மவுண்ட் செய்யுங்கள், அதாவது அதே ஃபோல்டரை இன்னோர் இடத்திலும் தெரிய வையுங்கள். சாதாரண பைண்ட் உள்ளே இருக்கும் மவுண்ட்களைக் கூட்டி வராது. அதனால் அடியில் மறைந்து கிடப்பவை அங்கே அப்படியே தெரியும். எடுத்துச் சரியான இடத்துக்கு மாற்றிவிடலாம்.

இனி சரிசெய்யும் வழி. ஈடிசி ஃபோல்டரில் உள்ள எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலை (/etc/exports) திறந்து, 'கடை'க்கான வரியில் கிராஸ்எம்என்டி என்ற ஆப்ஷனைச் சேருங்கள். 'கிராஸ்' என்பதற்கான ஐந்து எழுத்துகள், அப்புறம் எம், என், டி (crossmnt). எல்லாம் ஒரே சொல்லாக, சிறிய எழுத்தில். இதைத் தாய் பார்ட்டிஷனுக்குக் கொடுத்தால், அதற்குள் மவுண்ட் ஆனவை எல்லாம் அதே ஆப்ஷன்களோடு தாமாகவே பகிரப்படும். தனி வரி தேவையில்லை.

அந்த வரியை எழுதும்போது இடைவெளியில் கவனம் வேண்டும். முதலில் ஃபோல்டரின் முழுப் பாதை, ஓர் இடைவெளி, அப்புறம் 192.168.1.0/24 என்பது போல உங்கள் நெட்வொர்க் முகவரி, அதை ஒட்டியே அடைப்புக்குறி. முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தால் அர்த்தமே மாறிவிடும்: உங்கள் நெட்வொர்க்குக்குப் படிக்க மட்டும் அனுமதி, அடைப்புக்குறிக்குள் கொடுத்த எழுதும் அனுமதியோ உலகத்தில் எல்லாருக்கும். சேமித்த பிறகு எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையைக் கழித்தல் குறியோடு ஆர், ஏ என்ற இரண்டு எழுத்துகளும் சேர்த்துக் கொடுங்கள் (exportfs -ra). பிறகு அதேபோல வி எழுத்தோடு (-v) கொடுத்து, எது யாருக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். எடிட்டர் கம்ப்யூட்டரில் ஒரு முறை அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தால் நல்லது. வீடியோ ஃபோல்டருக்குள் நுழைந்த பின் அங்கே டிஎஃப் கொடுத்தால், அது தனி மவுண்டாக, தனிக் கொள்ளளவோடு தெரியும். தெரிந்தால் வேலை முடிந்தது.

நோஹைட் என்று இன்னோர் ஆப்ஷனும் உண்டு. அது குழந்தை பார்ட்டிஷனின் வரியில் எழுத வேண்டியது. ஒரே ஒரு கம்ப்யூட்டரின் பெயரையோ முகவரியையோ குறித்துப் பகிர்ந்தால்தான் அதை நம்பலாம், முழு நெட்வொர்க்குக்கு நம்பகமாக வேலை செய்யாது. என்எஃப்எஸ் நான்காம் பதிப்பில் அதற்கு வேலையே இல்லை: குழந்தைக்குத் தனி வரி இருந்தாலே அது தன் இடத்தில் தெரியும்.

கிராஸ்எம்என்டி எனக்குப் பிடித்த வழிதான், ஆனால் அது எதையும் விட்டுவைக்காது. 'கடை'க்குள் எதை மவுண்ட் செய்தாலும் அது நெட்வொர்க்கில் வந்துவிடும், ஒன்றை மட்டும் தவிர்க்க முடியாது. எனவே பேக்கப் டிஸ்க்கையும் கணக்கு வழக்கு பார்ட்டிஷனையும் 'கடை'க்கு வெளியே வேறோர் இடத்தில் மவுண்ட் செய்யுங்கள். பேக்கப் டிஸ்க் எடிட்டர் கைக்கு எட்டும்படி இருந்தால் அது பேக்கப்பே இல்லை. அடுக்குக்குள்ளேயே சிலவற்றை மட்டும் பகிர வேண்டும் என்றால் கிராஸ்எம்என்டியை எடுத்துவிட்டு, வேண்டியவற்றுக்குத் தனித்தனி வரி எழுதுங்கள்.

அடுத்து, ஒரு நாள் காலையில் வீடியோ டிஸ்க் மவுண்ட் ஆகாமலே சர்வர் எழுந்துவிட்டால் என்ன செய்வது? மறுபடி அதே காலி ஃபோல்டர், அதே ஆபத்து. இதற்கு நான் எப்போதும் செய்து வைப்பது: டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, அடியில் உள்ள காலி ஃபோல்டருக்கு சிஹெச்ஏடிடிஆர் (chattr) கட்டளையால் கூட்டல் குறியும் ஐ எழுத்தும் கொடுத்துவிடுவது. அதன் பிறகு சர்வரில் முழு அதிகாரம் உள்ள ரூட்கூட அதில் எழுத முடியாது, ஆனால் அதன் மேல் டிஸ்க்கை மவுண்ட் செய்யத் தடையில்லை. டிஸ்க் வராத நாளில் எடிட்டருக்கு அனுமதி இல்லை என்ற பிழைச் செய்தி வரும், உடனே என்னைக் கூப்பிடுவார். கிளிப் தவறான இடத்தில் சேர்வதைவிட அது எவ்வளவோ மேல். தாய் டிஸ்க்கே வராமல் போவதற்கும் காப்பு உண்டு: 'கடை' வரியில் எம்பி (mp) என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், அங்கே டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தால்தான் பகிர்வு நடக்கும்.

வேலை செய்கிறவர்களிடம் சொல்லி வைக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 'படம்' ஃபோல்டரிலிருந்து 'வீடியோ'வுக்கு ஒரு ஃபைலை நகர்த்துவது ஒரே ஃபோல்டர் போலத் தெரிந்தாலும் பெயர் மாற்றுகிற வேலை அல்ல. இரண்டும் வேறு டிஸ்க். அவர் கம்ப்யூட்டர் பெரும்பாலும் முழு ஃபைலையும் நெட்வொர்க் வழியே படித்து, மறுபடி நெட்வொர்க் வழியே எழுதி, அப்புறம் பழையதை அழிக்கும். கிகாபிட் லேனில் 500 ஜிபி என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெரிய நகர்த்தல்களை எஸ்எஸ்ஹெச் வழியே சர்வருக்குள் போய் நானே செய்கிறேன்.

விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குச் சாம்பா என்ற பகிர்வு மென்பொருளில் கொடுத்தால் உள் மவுண்ட்கள் தாமாகவே தெரியும். ஆனால் 'கடை'யை டிரைவ் எழுத்தாகப் போட்டால், மீதி இடம் என்று காட்டுவது முதல் டிஸ்க்கின் கணக்கு. அதனால் ஆல்பம் போடுகிறவருக்குப் 'படம்' ஃபோல்டரைத் தனி ஷேராகவும் தனி டிரைவ் எழுத்தாகவும் கொடுத்திருக்கிறேன்.